துறைமுகமும் ஒரு பேட்டைதான்

நம் பிள்ளைகளுக்கு ஏற்ற, நாம் இதுவரை எண்ணிப் பார்க்காத ஒரு வேலை

மேல்காற்று வீசிக்கொண்டிருந்த ஒரு ஆடி மாதம். அருப்புக்கோட்டையில் பருப்பு மொத்த வியாபாரம் செய்யும் நம் உறுப்பினர் ஒருவர் பர்மா உளுந்து இரண்டு கண்டெய்னர் வரவழைத்திருந்தார். கப்பல் சொன்ன தேதிக்கு வந்துவிட்டது. பணம் கட்டியாயிற்று. சுங்க இலாகாவுக்குக் கொடுக்க வேண்டிய தாள்களிலும் குறையில்லை. ஆனாலும் அந்தச் சரக்கு நம் ஊர் வந்து இறங்கப் பதினோரு நாள் ஆயிற்று. அதற்குள் விலை இறங்கிவிட்டது. டெமரேஜ், கண்டெய்னர் வாடகை, லாரி காத்திருப்புக் கூலி எல்லாம் கூட்டிப் பார்த்தால் அந்த வியாபாரத்தில் லாபம் என்று எழுத ஒன்றும் மிஞ்சவில்லை.

எந்தத் துறைமுகம், எந்தக் கண்டெய்னர் நிலையம் என்பது இங்கே தேவையில்லை. கிளியரிங் ஏஜெண்ட் சொன்ன பதில்தான் முக்கியம். "அண்ணாச்சி, உங்க சரக்குல ஒரு குறையும் இல்ல, தாள்லயும் குறையில்ல. இடம்தான் இல்ல" என்றார் அவர். நம் பெட்டிக்கு மேலே பிறருடைய பெட்டிகள் மூன்று அடுக்கப்பட்டிருந்தன. அவற்றை எடுத்து வைக்க வேறிடம் இல்லை. வெளியே லாரிகள் சாலையோரம் வரிசையில் நின்றன. அவை நிற்பதற்கும் இடம் இல்லை.

இதைக் கேட்ட நாள் முதல் நமக்குள் ஒரு கேள்வி. துறைமுகத்தில் எந்த இடத்தில் எதை வைப்பது என்று முடிவு செய்பவர் யார்? கப்பல் நிற்குமிடம், நிலக்கரி கொட்டுமிடம், தானியக் கிட்டங்கி, லாரி நிறுத்துமிடம், சாலை, ரயில் பாதை, நாளைக்கு என்று விட்டுவைக்கும் காலி நிலம் இவற்றையெல்லாம் வரைபடத்தில் குறிப்பவர் யார்? விசாரித்தபோது, அதற்கென்றே படித்தவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தது. நிலப் பயன்பாட்டுத் திட்டம் வகுப்பது என்பது அந்த வேலைக்குப் பெயர். நம் பகுதியிலிருந்து அந்த வேலைக்குப் போன பிள்ளைகளை விரல்விட்டு எண்ணக்கூட நம்மால் முடியவில்லை. ஒரே ஒரு பெண்ணைத்தான் நமக்குத் தெரியும். அவரைப் பற்றிப் பின்னால் சொல்கிறோம்.

நம் முன்னோர் போட்ட திட்டம்

இந்த வேலை நமக்குப் புதிதா என்றால், இல்லை என்றே சொல்ல வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பழைய ராமநாதபுரம் சீமையில் வியாபாரம் செய்தவர்கள் பேட்டைகளை அமைத்தார்கள். அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, விருதுநகர், சிவகாசி, திருமங்கலம், சாத்தங்குடி ஆகிய ஆறு ஊர்ப் பேட்டைகளைப் பற்றி ஆராய்ச்சியாளர்கள் எழுதியிருக்கிறார்கள். மாட்டு வண்டிகள் திருடர் பயமின்றி வந்து தங்கவும், சரக்கை இறக்கி ஏற்றவும், பக்கத்திலேயே விற்கவும் ஏற்ற காப்பான இடம் அது. வந்து போகும் சரக்கின் மீது மகமை வாங்கி, அதைப் பொதுக் காரியத்துக்குச் செலவிட்டார்கள்.

பேட்டை போட்டவர்களுக்கு என்னென்ன யோசனை இருந்திருக்கும்? வண்டி எந்த வாசலில் நுழைந்து எந்த வாசலில் வெளியேற வேண்டும்? மாட்டுக்குத் தண்ணீர் எங்கே? வத்தல் மூடையை எங்கே அடுக்கினால் பக்கத்துக் கடை வெல்லத்துக்கு நெடி ஏறாது? எந்தச் சரக்கு இன்றே போய்விடும், எது மாதக்கணக்கில் கிடக்கும்? கிடக்கிற சரக்குக்கு என்ன வாடகை? துறைமுக நிலத்தைத் திட்டமிடுகிறவர் இன்று கேட்பதும் இதே கேள்விகளைத்தான். மாட்டு வண்டிக்குப் பதில் நாற்பதடி ட்ரெய்லர், வத்தல் மூடைக்குப் பதில் நிலக்கரிக் குவியல். துறைமுகமும் ஒரு பேட்டைதான். அளவுதான் பெரிது.

நம் வாசலில் உள்ள துறைமுகம்

அருப்புக்கோட்டையிலிருந்து நான்குவழிச் சாலையில் எட்டயபுரம் வழியாகச் சென்றால் இரண்டு மணி நேரத்துக்குள் தூத்துக்குடி. திருச்சுழிக்காரர்களுக்கு இன்னும் சற்று நேரம் கூடும், அவ்வளவுதான். நம் வத்தலும் மல்லியும் நூலும் கரியும் கடலைத் தொடும் வழி அதுவே. நாம் வாங்கும் பருப்பும் மரமும் கரையேறும் வழிகளில் ஒன்றும் அதுவே.

தூத்துக்குடி 1868-ல் சிறு துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. கப்பல் தூரத்தில் நிற்க, தோணிகள் சரக்கைக் கரைக்குக் கொண்டுவந்த காலம் அது. 1906-ல் வ.உ. சிதம்பரனார் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி இங்கிருந்துதான் கொழும்புக்குக் கப்பல் விட்டார். புதிய துறைமுகம் 1974 ஜூலை 11-ல் நாட்டின் பத்தாவது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 1979 ஏப்ரல் 1-ல் பழைய துறைமுகமும் புதிய துறைமுகமும் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தன. 2011 முதல் அது வ.உ. சிதம்பரனார் துறைமுகம். 1999-ல் முதல் கண்டெய்னர் முனையம் வந்தது. 2024 செப்டம்பரில் ஒன்பதாவது கப்பல் தளமும் கண்டெய்னர் முனையமாகத் திறக்கப்பட்டது.

இவ்வளவு சரக்குக்கும் நிலம் வேண்டும். ஆனால் துறைமுகத்தைச் சுற்றி ஏற்கெனவே பலருக்கு உரிமையும் பிழைப்பும் இருக்கின்றன. ஒரு புறம் உப்பளங்கள். ஒரு புறம் அனல் மின்நிலையமும் உரத் தொழிற்சாலையும். மீனவர் குடியிருப்புகள். கடலில் 1986-ல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவின் தீவுகள். 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் மின்சாரக் கார் தொழிற்சாலை ஒன்று திறக்கப்பட்டது. பசுமை ஹைட்ரஜன் போன்ற புதிய தொழில்களும் இடம் கேட்டு நிற்கின்றன. ஒரு ஏக்கருக்கு நாலு பேர் போட்டி என்றால், யாருக்கு, எதற்காக, எத்தனை ஆண்டுக்கு என்று ஆராய்ந்து எழுதி வைக்க ஒருவர் வேண்டாமா?

இடம் தவறினால் என்ன ஆகும்

நகரம் துறைமுகத்தை நெருக்கிப் பிடித்தால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையே சாட்சி. நிலக்கரித் தூசி, இரும்புத் தாதுத் தூசி வடசென்னையின் வீடுகளில் படிந்தது. வழக்கு உயர்நீதிமன்றம் வரை சென்றது. 2011 அக்டோபர் முதல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாள்வது நின்றது. அந்தச் சரக்கு எண்ணூருக்குப் போயிற்று.

முன்கூட்டியே யோசித்தவர்களும் உண்டு. 1920-ல் கொச்சிக்கு வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ, கப்பல் வரும் கால்வாய்க்காகத் தோண்டிய மண்ணைக் கொண்டே வெலிங்டன் தீவை உருவாக்கினார். கப்பல் தளம், ரயில் நிலையம், அலுவலகம், கிட்டங்கி எல்லாவற்றுக்கும் அந்தப் புது நிலத்தில் இடம் கிடைத்தது. நம்மவர்கள் பலர் பிழைக்கப் போன சிங்கப்பூரில், நகரத்தின் நடுவே தஞ்சோங் பகாரில் இருந்த கண்டெய்னர் முனையங்களை மேற்குக் கோடியில் உள்ள துவாஸுக்கு மாற்றி வருகிறார்கள். துவாஸ் துறைமுகம் 2022 செப்டம்பரில் முறைப்படி திறக்கப்பட்டது. காலியாகும் நகர நிலத்தை வேறு பயனுக்கு விடுவது என்பது பல ஆண்டுகளுக்கு முன்பே போட்ட கணக்கு.

வியாபாரிக்குத் தெரிந்த கணக்கு

இந்த வேலையின் அடிப்படைக் கணக்கு ஒன்றை நம் முறையில் சொல்லிப் பார்ப்போம். ஒரு கண்டெய்னர் முற்றத்தில் ஆயிரம் பெட்டி வைக்கத் தரையில் இடம் இருக்கிறது. ஒன்றின் மேல் ஒன்றாக நான்கு அடுக்கலாம். ஆக, ஒரே நேரத்தில் 4,000 பெட்டி. ஒரு பெட்டி சராசரியாக எட்டு நாள் கிடந்தால் ஆண்டுக்கு 1,82,500 பெட்டிகள் அந்த முற்றத்தின் வழியே போகலாம். நான்கே நாளில் போய்விட்டால் 3,65,000. ஒரு சென்ட் நிலம் கூட வாங்காமல் முற்றம் இரண்டு மடங்காகிவிட்டது! பெட்டிகளை நகர்த்தி எடுக்க இடம் விட வேண்டுமாதலால் முழுவதும் நிரப்ப முடியாது. உண்மையான எண் இதைவிடக் குறையும். ஆனாலும் விகிதம் மாறாது.

கடைச் சரக்கு ஆண்டுக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்று பார்க்கும் கணக்கு இதுதானே? கல்லாவில் உட்கார்ந்து வளர்ந்த பிள்ளைக்கு இதைப் பாடமாக நடத்த வேண்டியதில்லை.

வாடகைக் கணக்கும் அப்படியே. மத்திய அரசு 2014-ல் பெருந்துறைமுகங்களின் நில நிர்வாகத்துக்கு நெறிமுறைகளை வெளியிட்டது. 2015-ல் அவற்றுக்கு விளக்கங்கள் தந்தது. அதன்படி ஒவ்வொரு துறைமுகமும் தன் நிலம் முழுவதுக்கும் பயன்பாட்டுத் திட்டம் வைத்திருக்க வேண்டும். சுங்க எல்லைக்குள் உள்ள நிலம் பொதுவாக 11 மாத உரிமத்தில் தரப்படும். எல்லைக்கு வெளியே டெண்டரும் ஏலமும் சேர்ந்த முறையில் 30 ஆண்டு வரை குத்தகை. ஆண்டு வாடகை சந்தை மதிப்பில் குறைந்தது 6 சதவீதம். ஆண்டுதோறும் குறைந்தது 2 சதவீதம் ஏற வேண்டும். ஒரு ஏக்கரின் மதிப்பு ஒரு கோடி ரூபாய் என்று வைத்துக்கொண்டால் முதல் ஆண்டு 6 லட்சம், அடுத்த ஆண்டு 6 லட்சத்து 12 ஆயிரம். அந்த வாடகை கடைசியில் யார் தலையில் விழுகிறது? நம் மூடைக் கணக்கில்தான்.

என்ன படிக்க வேண்டும்

பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்கு இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி, திட்டமிடல் இளநிலைப் பட்டமான பி.பிளான். தேசிய அளவிலான கல்லூரிகளில் சேர ஜே.இ.இ. மெயின் தேர்வில் இதற்கெனத் தனித் தாள் இருக்கிறது. கணிதம் படித்திருக்க வேண்டும். டெல்லியில் உள்ள திட்டமிடல் மற்றும் கட்டடக்கலைப் பள்ளி இத்துறையில் மூத்த நிறுவனம்.

இரண்டாவது வழி நம் பிள்ளைகளுக்குக் கூடுதல் எளிது. சிவில் பொறியியலோ கட்டடக்கலையோ படித்துவிட்டு, மேற்படிப்பாகத் திட்டமிடலை எடுப்பது. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை மற்றும் திட்டமிடல் பள்ளியிலும் கரக்பூர் ஐ.ஐ.டி.யிலும் இந்த மேற்படிப்பு உண்டு. வணிகவியல் படித்த பிள்ளைகள் சரக்கு நிர்வாகத்தின் பக்கமிருந்து வரலாம். 2008-ல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கப்பட்ட இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தில் துறைமுக நிர்வாகப் படிப்பு இருக்கிறது. 1951-ல் தொடங்கிய இந்திய நகரமைப்பாளர் நிறுவனத்தில் உறுப்பினராவது இத்தொழிலில் ஒரு தகுதிச் சான்று.

படிப்போடு சில சட்டங்களைப் படித்து வைக்க வேண்டும். 2021-ஆம் ஆண்டின் பெருந்துறைமுக அதிகார அமைப்புச் சட்டம், கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் ஆகிய நான்கும் போதும், தொடங்குவதற்கு. நிலவரைபடத்தைக் கணினியில் கையாளும் ஜி.ஐ.எஸ். தெரிந்திருக்க வேண்டும். கியூ-ஜி.ஐ.எஸ். என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. வீட்டில் கணினி உள்ள பிள்ளை இன்றே தொடங்கலாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். துறைமுகத்தில் நேரடியான நிரந்தர வேலை எப்போதாவதுதான் வரும். தொடங்குகிறவர்களில் பலர் ஆலோசனைக் கம்பெனிகளில், ஒப்பந்த அடிப்படையில்தான் சேர்கிறார்கள். முதல் சம்பளத்தைக் கேட்டால் நம் கடைகளில் உள்ள மூத்த கணக்குப்பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனால் நிலமும் சரக்கும் சட்டமும் ஒருசேரத் தெரிந்தவர்கள் குறைவு. நாலைந்து ஆண்டு பொறுத்தால், துறைமுகம் மட்டுமல்ல, தொழிற்பேட்டை, ரயில்வே, நகர் ஊரமைப்பு இயக்ககம், தனியார் சரக்குப் பூங்கா என்று பல கதவுகள் திறக்கும்.

ஒரு பெண்ணின் முதல் மூன்று ஆண்டுகள்

உளுந்து கண்டெய்னருக்காகப் பதினோரு நாள் காத்திருந்த உறுப்பினரின் அண்ணன் மகளைத்தான் முன்பு குறிப்பிட்டோம். திருச்சுழிப் பக்கத்துக் கிராமம். தாத்தாவுக்கு மானாவாரிக் கரிசல். அப்பாவுக்கு வத்தல்-மல்லி கமிஷன் கடை. சிவில் படித்து, திட்டமிடலில் மேற்படிப்பு முடித்து, ஆலோசனைக் கம்பெனி ஒன்றில் சேர்ந்தார். அந்தக் கம்பெனி ஒரு துறைமுகத்தின் நிலத் திட்டத்தைத் தயாரித்துக் கொண்டிருந்தது. விடுமுறைக்கு வந்திருந்தபோது நாம் அவரைச் சந்தித்து இரண்டு மணி நேரம் பேசினோம்.

"முதல் ஆறு மாசம் நான் வரைபடமே வரையலைங்க. எல்லைக்கல் தேடினேன்" என்றார். துறைமுக நிலம் என்று பதிவேட்டில் இருக்கும். இடத்தில் போய்ப் பார்த்தால் வேலி வேறிடத்தில் இருக்கும். எந்தக் குத்தகை எப்போது முடிந்தது, யார் இன்னும் உள்ளே இருக்கிறார், எந்த நிலம் காகிதத்தில் காலி, கண்ணுக்கு நிறைந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாக எழுத வேண்டும். உடன் வேலை பார்த்த நகரத்துப் பிள்ளைகளுக்குப் புலப்படமும் 'அ' பதிவேடும் புரியச் சிரமமாக இருந்ததாம். இவருக்குச் சிரமமே இல்லை. "எங்க தாத்தா வரப்புத் தகராறுக்குச் சர்வேயரைக் கூட்டிக்கிட்டு அலைஞ்சப்ப, சங்கிலியப் பிடிச்சவளே நான்தானே" என்று சிரித்தார்.

ஆறு மாதம் கழித்து ஒரு லாரி நிறுத்துமிடம் வரையச் சொன்னார்கள். கோடுகள் நேராக, அழகாக வரைந்து கொண்டுபோய்க் கொடுத்தார். மூத்த அதிகாரி பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இந்த வாசலுக்கு ராத்திரி எத்தனை லாரி வரும்மா?" இவரிடம் பதில் இல்லை. மூன்று இரவு வாசலில் உட்கார்ந்து எண்ணும்படி அனுப்பினார்.

எண்ணினார். டிரைவர்களோடு பேசினார். லாரிகள் ஏன் சாலையோரம் நிற்கின்றன என்று அப்போதுதான் தெரிந்தது. தாள் சரிபார்ப்பது வாசலில் நடக்கிறது. ஒரு லாரியின் தாளில் குறை இருந்தால் பின்னால் உள்ள அத்தனை லாரிகளும் நிற்கின்றன. நிறுத்துமிடம் என்று முன்பு ஒதுக்கிய நிலத்தில் தண்ணீரும் இல்லை, கழிப்பறையும் இல்லை. அங்கே போனால் வரிசையில் தன் முறையும் போய்விடும். பிறகு எந்த டிரைவர் அங்கே போவான்? அழகான தன் வரைபடத்தைக் கிழித்துவிட்டு வேறு வரைந்தார். நிறுத்துமிடம் வாசலுக்கு முன்னால் தள்ளி அமைந்தது. தாளை அங்கேயே பார்த்து, குறையுள்ள வண்டியைத் தனியே ஒதுக்கி, மற்றதை வரிசை எண் கொடுத்து அனுப்புவது என்று எழுதினார். குடிநீரும் கழிப்பறையும் முதல் வரியில் இடம் பெற்றன. "மாட்டுக்குத் தண்ணி இல்லாத பேட்டைக்கு வண்டி வருமா?" என்று நாம் கேட்டோம். "அதேதாங்க" என்றார்.

இரண்டாம் ஆண்டில் தானியக் கிட்டங்கிக்கு இடம் பார்த்தார்கள். வரைபடத்தில் காலியாக இருந்த நிலம் நிலக்கரி முற்றத்துக்குக் கிழக்கே இருந்தது. கப்பல் தளத்துக்கு அருகில், சாலையும் பக்கம். எல்லோரும் சம்மதித்து விட்டார்கள். இவர் மட்டும் மேல்காற்றைப் பற்றிக் கேட்டார். ஆனியில் தொடங்கி ஆவணி வரை மேற்கிலிருந்து வீசும் காற்று கரித்தூசியை எங்கே கொண்டுபோய்ப் போடும்? நம் ஊரில் தூற்றுகிற களத்துக்குக் கிழக்கே யாரும் வத்தல் காயப் போடுவதில்லையே. வானிலைப் பதிவுகளை எடுத்து, மாதவாரியாகக் காற்றின் திசையையும் வேகத்தையும் அட்டவணை போட்டுக் காட்டினார். கிட்டங்கி வேறிடத்துக்கு மாறிற்று. அந்த இடம் சற்றுத் தூரம், லாரி வாடகை கொஞ்சம் கூடும். ஆனால் பருப்பில் கரி ஏறாது.

மூன்றாம் ஆண்டு நடந்ததைச் சொல்லும்போது அவர் குரல் சற்றுத் தாழ்ந்தது. சித்தப்பா ஒருநாள் போனில் கேட்டாராம்: "தாயி, அங்க சுங்க எல்லைக்கு வெளிய நமக்கு ஒரு கிட்டங்கி இடம் பாத்துக் குடு. எந்த இடம் ஏலத்துக்கு வருதுன்னு முன்னாடியே சொன்னாப் போதும்." இவருக்கு இரண்டு நாள் தூக்கம் இல்லை. காசு கட்டிப் படிக்க வைத்தவர்களில் சித்தப்பாவும் ஒருவர். மூன்றாம் நாள் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "சித்தப்பா, நோட்டீஸ் வந்ததும் எல்லாருக்கும் தெரியும். அப்ப நீங்களும் டெண்டர் போடுங்க. அதுக்கு முன்னாடி என்னால சொல்ல முடியாது. சொன்னா, நாளைக்கு நான் போடுற எந்தக் கோட்டையும் யாரும் நம்ப மாட்டாங்க."

சித்தப்பா இரண்டு மாதம் பேசவில்லை. இதை நமக்குச் சொன்னவர் அந்தச் சித்தப்பாவேதான். "எடைக்கல்லு மாதிரி நிக்கிது பிள்ள. கோபம் வந்துச்சு, அண்ணாச்சி. அப்புறம் யோசிச்சுப் பாத்தேன். நம்ம கடைத் தராசு யாருக்காகவாச்சும் சாயும்னு தெரிஞ்சா எவன் வந்து சரக்கு வாங்குவான்?" என்றார்.

தொடங்குகிற பிள்ளைகளுக்கு

அந்தப் பெண்ணிடம், இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டோம். அவர் சொன்னதை நம் சொல்லில் தருகிறோம்.

முதலாவது, முதல் இரண்டு ஆண்டு மேசையில் உட்கார ஆசைப்படக் கூடாது. வாசல், முற்றம், எடைமேடை, கிட்டங்கி, ரயில் பாதை எல்லாவற்றிலும் பகலும் இரவும் நின்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது, தினமும் குறிப்பேடு எழுத வேண்டும். எந்தச் சரக்கு, எத்தனை டன், எத்தனை நாள் கிடந்தது, ஏன் கிடந்தது என்று எழுதி வந்தால் ஓராண்டில் அது புத்தகத்தில் கிடைக்காத பாடமாகிவிடும்.

மூன்றாவது, வரைபடத்தில் காலி என்று தெரிகிற நிலத்தை நேரில் போய்ப் பார்க்காமல் காலி என்று எழுதக் கூடாது. அங்கே ஒரு வலை காயும் இடமோ, மழைநீர் ஓடும் வழியோ, உப்பளத்துக்குப் போகும் பாதையோ இருக்கும்.

நான்காவது, எதிர்த்துப் பேச வேண்டிய இடத்தில் எண்ணோடு பேச வேண்டும். காற்று அடிக்கும் என்று வாயால் சொன்னால் யாரும் கேட்பதில்லை. அட்டவணையாகக் காட்டினால் கேட்கிறார்கள்.

ஐந்தாவது, உறவினருக்கும் மற்றவருக்கும் ஒரே பதில். இது சொல்லாமலே விளங்கும்.

நாம் செய்ய வேண்டியது

கடைசியாக நம்மைப் பற்றி. 1963-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த துறைமுகப் பொறுப்பாளர் சபைகளில் கப்பல்காரர்கள், சரக்கு அனுப்புவோர் போன்றவர்களின் பிரதிநிதிகளுக்கும் இடம் தருவது வழக்கமாக இருந்தது. 2021-ஆம் ஆண்டுச் சட்டம் சபையைச் சிறிய வாரியமாக்கிற்று. மாநில அரசு, ரயில்வே, பாதுகாப்பு, சுங்கம், தொழிலாளர் ஆகியோருக்கு அதில் இடம் உண்டு. சுயேச்சை உறுப்பினர்களும் உண்டு. வணிகர் என்று தனி நாற்காலி கிடையாது. துறைமுகத்துக்குள் வளர்ச்சித் திட்டம் வகுக்கும் அதிகாரமும் அந்த வாரியத்துக்கே.

ஆனால் கதவு முழுவதும் அடைபடவில்லை. 2014 நெறிமுறைகளின்படி நிலப் பயன்பாட்டுத் திட்டத்தை மாற்றும்போது, அதை வெளியிட்டு ஆட்சேபங்களும் யோசனைகளும் கேட்க வேண்டும். அப்படி ஒரு அறிவிப்பு வந்தால் நம்மில் எத்தனை பேர் படித்திருக்கிறோம்? நம் சங்கத்திலிருந்து ஒரு கடிதமாவது போயிருக்கிறதா? நாமும் போட்டதில்லை என்று வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். டெமரேஜ் கட்டும்போது மட்டும் புலம்புகிறோம். லாரி நிறுத்துமிடம் எங்கே வர வேண்டும், தானியத்துக்கு எத்தனை சதுர அடி வேண்டும், வத்தலுக்கு எந்தப் பருவத்தில் இடம் நெருக்கும் என்பதை நம்மைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் யார்? ஒவ்வொரு கடைப் பேரேட்டிலும் அந்த விவரம் இருக்கிறது. எடுத்து எழுதி அனுப்பத்தான் ஆளில்லை.

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். துறைமுகம் வழியாகச் சரக்கு அனுப்புவோரும் வரவழைப்போரும், கடந்த ஓராண்டில் உங்கள் சரக்கு எத்தனை நாள் எங்கே நின்றது என்ற விவரத்தை ஒரு தாளில் எழுதிச் சங்க அலுவலகத்தில் கொடுங்கள். பெயர் வேண்டாம்; நாளும் இடமும் போதும். அவற்றைத் தொகுத்து வைத்தால், அடுத்த அறிவிப்பு வரும்போது நம் யோசனை எண்ணோடு போய்ச் சேரும்.

இன்னொன்று, பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், ஆணோ பெண்ணோ, இந்தக் கட்டுரையை அவர்களிடம் கொடுங்கள். டாக்டர், என்ஜினீயர் அல்லது நம் கடை என்று மூன்றே வழிதான் உண்டு என்று எண்ண வேண்டாம். கரிசலில் வரப்பளந்து, கல்லாவில் கணக்குப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இந்த வேலைக்கு வேண்டிய பாதிப் படிப்பு வீட்டிலேயே முடிந்துவிட்டது. மீதிப் பாதிக்குக் கல்லூரி இருக்கிறது.

அந்தப் பிள்ளை நாளைக்கு அந்த மேசையில் உட்கார்ந்தால் நமக்குச் சலுகை காட்டப் போவதில்லை. காட்டவும் கூடாது. ஆனால் உளுந்து மூடை எங்கே கிடந்தால் கெடும், லாரி எங்கே நின்றால் டிரைவருக்குத் தண்ணீர் கிடைக்கும் என்பது தெரிந்த ஒருவர் கோடு போடுவார். அந்தக் கோடு சரியாக விழுந்தால், நம் சரக்கோடு சேர்ந்து ஊரார் எல்லோர் சரக்கும் பதினோரு நாளில் வருவது நான்கு நாளில் வந்து சேரும்.